பிரேக் பேடுடன் கிளிப்பும் வர வேண்டாமா?

கேள்வி: என் காரின் முன்சக்கரங்களுக்கு பிரேக் பேடு வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றிருந்தேன். ஒரு பெட்டியில் பேடுகளுடன் புதிய கிளிப்புகளும் இருந்தன. விலை குறைந்த இன்னொன்றில் பேடுகள் மட்டுமே இருந்தன. "பழைய கிளிப்பே போதும் சார்" என்கிறார் மெக்கானிக். எதை வாங்குவது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இரண்டுமே நம்பகமான தயாரிப்புகள் என்றால், கிளிப்புடன் வரும் பெட்டியையே வாங்குங்கள். பேடு விற்கும் நிறுவனம் கிளிப்பையும் சேர்த்தே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே அளவுள்ள பேடு, கிளிப் வேறுபடும் பல வண்டிகளுக்குப் பொருந்துவதாலும், விலையைக் குறைக்க வேண்டியிருப்பதாலும் சிலர் கிளிப்பை விட்டுவிடுகிறார்கள். அப்படி விடும்போது, கிளிப்பைத் தனியாக வாங்க வேண்டும் என்று பெட்டியின் மேலாவது அச்சிட வேண்டும்.

பிரேக்கை மிதிக்கும்போது பேடு, சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கை நோக்கி நகர்ந்து, காலை எடுத்ததும் மயிரிழை அளவு விலக வேண்டும். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம் கேலிப்பர்; அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான பிராக்கெட்டில், பேடின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்தில் பொருத்தப்படும் மெல்லிய எஃகுத் தகடுதான் கிளிப். பேடு ஆடிச் சத்தமிடாமல் பிடித்துக்கொள்வதும், வழுக்கிச் செல்ல வழிவிடுவதும் அதன் வேலை. பிரேக்கின் சூட்டில் நாளடைவில் அதன் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை துரு. கடற்காற்றும், வடகிழக்குப் பருவமழையில் சாலையில் தேங்கும் நீரும் சேர்ந்து, கிளிப்புக்கு அடியில் உள்ள இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. மேலே கிளிப் பளபளப்பாகவே இருக்கும். கழற்றிவிட்டு அந்த இடத்தை நகத்தால் சுரண்டினால் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். அந்தத் துரு உப்பி கிளிப்பை உள்நோக்கித் தள்ளுவதால் புதிய பேடு இறுகிக்கொள்கிறது. காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்க, சக்கரம் சூடேறி, மைலேஜ் குறைந்து, பேடும் விரைவில் தேய்கிறது. பழி பேடின் மேல் விழுகிறது!

ஆகவே, துருவை அகற்றாமல் புதிய கிளிப்பை மாட்டுவதாலும் பயனில்லை. வயர் பிரஷ்ஷால் இரும்பு தெரியும் வரை தேய்த்த பின்பே மாட்ட வேண்டும். அதன்பின் பேடு கைவிரல் அழுத்தத்திலேயே நகர வேண்டும். நகரவில்லை என்பதற்காகச் சுத்தியலால் தட்டுவதையோ, பேடின் காதுகளை அரத்தால் ராவுவதையோ தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

மெக்கானிக் சொல்வது முழுத் தவறல்ல. கிளிப் வளையாமல், பிடிப்பு குறையாமல், அடியில் துருவும் இல்லாமல் இருந்தால் சுத்தம் செய்து மீண்டும் மாட்டலாம். ஆனால், கழற்றிப் பார்க்காமல் அதைச் சொல்ல இயலாது.

பழைய பேடுகளைக் கழற்றியதும் உட்பக்கத்துப் பேடையும் வெளிப்பக்கத்துப் பேடையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்க வாய்ப்புண்டு. அந்த ஸ்லைடு பின்னுக்கு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத்தான் இட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்பச் செய்துவிடும். பேடின் தேயும் பரப்பிலோ டிஸ்க்கிலோ எந்த கிரீஸும் படக் கூடாது. வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்துக்கொள்ளுங்கள்.