கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) பறப்புப் பதிவைக் கணினியில் பார்க்க எந்த மென்பொருள் நல்லது? முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

நான் பைலட் இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனியில் படிக்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஐஜிசி கோப்புகளை, அதாவது பறப்பின் நேரம், இடம், உயரம் எல்லாம் பதிவான கோப்புகளை, பிரித்துப் பார்ப்பவன். அவன் சனி ஞாயிறுகளில் ஒரு கிளப்பில் கிளைடர் ஓட்டுகிறான். நான்கு வருடமாக இதுதான் என் பொழுதுபோக்கு.

மென்பொருளில் குழம்ப வேண்டாம். காசு கொடுக்கத் தயார் என்றால் சீயூ. இலவசமாக வேண்டும் என்றால் எக்ஸ்சிசோர். போனிலும் ஓடும், கணினியிலும் ஓடும், பழைய பறப்பை மறுபடி ஓட்டியும் காட்டும். வெறுமனே பாதையைப் பார்த்தால் போதும் என்றால் ஜிபிஎஸ்பேபல் என்ற மென்பொருளில் கேஎம்எல் கோப்பாக மாற்றி கூகுள் எர்த்தில் போடுங்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

நான் செய்த ஒரு கிறுக்குத்தனத்தை நீங்களும் செய்யுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாதை ஒன்றைப் பதிவு செய்து, அதை மென்பொருளில் போட்டுப் பாருங்கள். நான் போனில் ஒரு லாகர் ஆப்பை (போகும் பாதையைப் பதிவு செய்வது) ஓடவிட்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து கண்டக்டர், "என்னண்ணே, சிக்னல் கிடைக்கலையா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து திறந்தால் முதல் அதிர்ச்சி: பஸ் கிளம்பிய நேரம் விடிகாலை ஒன்றரை மணி. கோப்பை நோட்பேடில் திறந்தால் பி என்று தொடங்கும் வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்; பி-க்கு அடுத்த ஆறு இலக்கம்தான் நேரம். 013015 என்றிருந்தது. அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை ஏழு மணி பதினைந்து நொடி. சரி, கணக்கு உதைக்கவில்லை.

அடுத்தது உயரம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். பதிவில் 190! போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஜிபிஎஸ் உயரத்தைப் பூமியின் கணித வடிவமான நீள்வட்டக் கோளத்திலிருந்து அளக்கிறது. நம் பக்கம் உண்மையான கடல் மட்டம் அந்த வடிவத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தப் பள்ளம் 100 மீட்டரையும் தாண்டும். ஜெர்மனியில் தலைகீழ், ஏறத்தாழ 45 மீட்டர் கூட்டிக் காட்டும். சில கருவிகள் இதைத் தாமே திருத்திவிடும், சில திருத்தாது. கோப்பில் காற்றழுத்த உயரமும் தனியாக இருக்கும், அது 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாக வைத்தது, அன்றைய அழுத்தத்துக்கேற்ப மேலே கீழே நகரும். எந்த உயரத்தைப் பார்க்கிறீர்கள் என்று தெரியாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவதுதான் வேடிக்கை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிலவற்றை மென்பொருள் தெர்மல் என்று, அதாவது கிளைடர் வட்டமடித்து ஏறப் பயன்படுத்தும் மேலெழும் சூடான காற்று என்று, எடுத்துக்கொண்டது. வளைந்துகொண்டே ஏறினால் அதற்குப் பஸ்ஸும் பருந்தும் ஒன்றுதான். "ஏற்றம் நொடிக்கு 0.3 மீட்டர்" என்று மதிப்பெண்ணும் போட்டது.

அன்றிலிருந்து அது தரும் சராசரிகளை நான் அப்படியே நம்புவதில்லை. மருமகனின் ஒரு பறப்பில், ஏழு நிமிடம் ஒரே தெர்மலில் சுற்றியதற்கு நொடிக்கு 1.4 மீட்டர் சராசரி என்று காட்டியது. சுமாராகத்தான் ஏறியிருக்கிறான் என்று தோன்றும். உயர வரைபடத்தைப் பெரிதாக்கினேன். முதல் நான்கு நிமிடம் நொடிக்கு 2 மீட்டர், கடைசி மூன்று நிமிடம் வெறும் 0.6. செத்துப்போன தெர்மலில் மூன்று நிமிடம் வீண். போனில் கேட்டேன். "மாமா, இன்னும் கொஞ்சம் ஏறிட்டா தைரியமா இருக்கும்னு நினைச்சேன்" என்றான். தரையில் இருந்துகொண்டு இதையெல்லாம் சொல்வது சுலபம்தான்.

அதனால் முதலில் உயர வரைபடம், அதில் ஏறிய பகுதிகளின் தொடக்கமும் முடிவும். பாதை, காற்றின் திசை எல்லாம் அப்புறம். பதிவு இடைவெளியையும் பாருங்கள்: கிளைடர் ஒரு வட்டம் அடிக்க இருபது, இருபத்தைந்து நொடி ஆகும். பத்து நொடிக்கு ஒரு புள்ளி என்றால் வட்டம் கோணல் முக்கோணமாகத்தான் தெரியும். லாகரில் ஒரு நொடி, இரண்டு நொடி என்று வைக்கச் சொல்லுங்கள்.

நோட்பேடில் திறக்கும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் கடைசியில் ஜி என்று தொடங்கும் வரிகள் டிஜிட்டல் கையொப்பம். மேலே ஒரு இலக்கம் மாறினாலும் அது செல்லாது, போட்டிக்கு அனுப்ப முடியாது.