கேளுங்கள், சொல்கிறேன்: மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு

கே: லியோனில் வேலை பார்க்கிறேன் சார். மே மாதம் தியேர் ஊரில் நடக்கும் கூத்தெலியா கத்திக் கண்காட்சிக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கிக்கொள்ள ஆசை. வாங்கினால் லாகியோல்தான் வாங்க வேண்டும் என்கிறான் ஒருவன், அதெல்லாம் சீனச் சரக்கு என்கிறான் இன்னொருவன். யாரை நம்புவது?

ப: கட்டாயம் போங்கள். பல நூறு ஆண்டுகளாகக் கத்தி செய்தே பிழைக்கும் ஊர் அது. துரோல் ஆற்று நீரில் சாணைச் சக்கரம் சுழல, அதன்மேல் பலகை போட்டுக் குப்புறப் படுத்தபடியே சாணை பிடித்தார்கள், குளிருக்கு அவர்கள் காலில் நாய் படுத்திருக்கும். ஊரிலுள்ள கத்தி அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள்.

நண்பர்கள் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. லாகியோல் என்பது பிரான்சின் அவெரோன் பகுதியில் ஒரு சிற்றூர், 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த கத்தி வடிவத்துக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அதே வடிவத்தில் தியேரிலும் செய்கிறார்கள், சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்கிறார்கள், எல்லாமே அந்தப் பெயரில்தான் விற்கின்றன. அதனால் பெயரைப் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள். கண்காட்சியின் பெரிய வசதியே செய்தவர் மேசைக்குப் பின்னால் நிற்பதுதான். அலகு எங்கே அடித்தது, என்ன எஃகு, பிடி என்ன மரம் என்று அவரிடமே கேளுங்கள். செய்தவர் என்றால் உற்சாகமாகச் சொல்வார், வாங்கி விற்பவர் என்றால் பேச்சை மாற்றுவார்.

அப்புறம், அனுமதி கேட்டுக் கத்தியைக் கையில் எடுங்கள். மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள்: அலகு இரண்டு பக்கத் தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நாளடைவில் உரசும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே பாருங்கள், ஒளிக்கீற்று தெரியக் கூடாது. திறந்தபின் அலகைப் பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் ஆடவே கூடாது. ஆணித் தலைமேல் விரலை ஓட்டினால் மரமும் உலோகமும் ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும். லாகியோல் என்றால் ஸ்பிரிங் நுனியில் இருக்கும் தேனீ உருவத்தையும் பாருங்கள், நல்ல வேலையில் ஸ்பிரிங்கின் இரும்பையே அடித்து அந்தத் தேனீயை உருவாக்கியிருப்பார்கள். ஒட்டவைத்த தேனீ என்பதாலேயே கத்தி மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். மூடும்போது அலகைத் தானாகப் பட்டென்று விழ விடாதீர்கள், பல லாகியோல்களில் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் மோதி மழுங்கிவிடும்.

கையால் செய்த லாகியோல் 100 யூரோவைச் சுலபமாகத் தாண்டும். தினமும் பழம் நறுக்கத்தான் கத்தி என்றால் ஒபினெல் நிறுவனத்தின் 8ஆம் எண் மடக்குக் கத்தியே போதும் என்பேன். பிரான்சின் சவோயா பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் தொடங்கிய நிறுவனம் அது. இந்தக் கத்திக்கு எட்டரை செ.மீ. அலகு, பீச் (beech) மரப் பிடி, திறந்தபின் மடங்கிவிடாதபடி திருகிப் பூட்டும் வளையம், 20 யூரோவுக்குள் கிடைக்கும். தண்ணீரில் ஊறவிட்டால் மட்டும் பிடி உப்பி, அலகைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும். கார்பன் எஃகு அலகு என்றால் மாங்காய், எலுமிச்சை பட்டதும் கறுக்கும், அது கெடுதல் இல்லை, உடனே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் சரி. அந்தப் பராமரிப்பெல்லாம் முடியாது என்றால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள்.

கே: டமாஸ்கஸ் அலகு என்று அலை அலையாகக் கோலம் போட்ட கத்திகளை அதிக விலைக்கு விற்கிறார்கள். அது நம் ஊர் உருக்குதானே?

ப: இல்லை. தென்னிந்தியாவில் களிமண் கலயத்தில் இரும்பையும் கரியையும் வைத்து உருக்கிய எஃகைத்தான் ஐரோப்பியர் வூட்ஸ் என்றார்கள், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் உருக்கு செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகில் கோலம் உள்ளிருந்தே வரும். இன்று மேசையில் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு வகை எஃகை அடுக்கி, சூடேற்றி அடித்து, மடித்து, கடைசியில் அமிலத்தில் முக்கிக் கோலத்தை வெளிக்காட்டியது. அதுவும் அருமையான கைவேலைதான், விலை கொடுக்கலாம். ஆனால் சாதா அலகின்மேல் கோலத்தை அச்சடித்தும் விற்கிறார்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அலகின் முதுகைப் பாருங்கள்: அசலில் கோடுகள் ஒரு பக்கத்திலிருந்து முதுகைத் தாண்டி மறுபக்கம் ஓடும். முதுகு வெறும் மொட்டையாக இருந்தால் நன்றாகச் சந்தேகப்படுங்கள்.

கே: அங்கே வாங்கிய கத்தியைச் சென்னைக்குக் கொண்டு வரலாமா?

ப: கைப்பையில் கூடவே கூடாது, விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும், அதுவும் சுற்றிக்கட்டி. பட்டனைத் தட்டினால் பாயும் வகை வேண்டாம், யானைத் தந்தப் பிடி வேண்டவே வேண்டாம். பிரான்சிலேயே கூட, தகுந்த காரணமில்லாமல் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது குற்றம், ஒபினெலுக்கும் அது பொருந்தும். வாங்கிய கத்தியைப் பெட்டியை விட்டு எடுக்காமல், பில்லோடு வீட்டுக்குக் கொண்டு போங்கள்.