தரகர் கூலி யார் தலையில்?

ஆலைகளுக்குத் தங்கள் பெயரில் ஆள் அனுப்பும் தரகர்களான லேபர் கான்ட்ராக்டர்களைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தொழிலாளி, முதலாளி, கான்ட்ராக்டர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: நான்கு வருடமாக ஒரே ஆலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் கம்பெனி ஆள், நான் கான்ட்ராக்ட் ஆள். வேலை ஒன்றுதான், சம்பளம்தான் வேறு. அதுவும் தள்ளிப்போனால் மேனேஜர் "உங்க கான்ட்ராக்டரைக் கேளுங்க" என்கிறார், கான்ட்ராக்டர் "கம்பெனி பில் பாஸ் பண்ணலை" என்கிறார். என் முதலாளி யார் சார்?

பதில்: யார் சொன்னால் மெஷினை நிறுத்துவீர்களோ அவர்தான். ஷிப்ட் போடுவது யார், லீவு கேட்டால் தலையாட்டுவது யார், தப்பு செய்தால் திட்டுவது யார்? இந்த மூன்றுக்கும் கம்பெனி சூப்பர்வைசர் என்று பதில் வந்தால், காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் நீங்கள் கம்பெனிக்குத்தான் வேலை செய்கிறீர்கள். பல நாடுகளில் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் கிளறிப் பார்ப்பதும் பெரும்பாலும் இதைத்தான். தென்னாப்பிரிக்காவில் குறைந்த சம்பளக்காரர் ஒருவர் தரகர் மூலம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை செய்தால், அந்த இடத்துக்காரரே அவருக்கு முதலாளி என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். இல்லை, தரகரும் சேர்ந்துதான் முதலாளி என்று தரகர் நிறுவனம் ஒன்று வாதாடிப் பார்த்தது. 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏஜென்சி மூலம் வருகிறவருக்கும், நேரடியாகச் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் அடிப்படைச் சம்பளமும் வேலை நேரமும் வேண்டும் என்று 2008-இலேயே உத்தரவு. அதில் விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டு தப்பிப்பவர்களும் உண்டு, அது வேறு கதை.

சரி, உங்கள் சம்பளத்தில் குறையும் காசு எங்கே போகிறது? எல்லாம் கான்ட்ராக்டர் பைக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். இருப்பதிலேயே குறைந்த தொகை கேட்டவருக்குத்தான் கம்பெனி ஒப்பந்தம் கொடுக்கும். அந்தத் தொகையில் அவர் தன் கமிஷனையும் எடுத்தாக வேண்டும், வெட்ட இடம் என்று பார்த்தால் உங்கள் கூலி மட்டும்தான் இருக்கிறது. நேரடியாக வெட்டினால் மாட்டிக்கொள்வார், அதனால் சுற்றி வளைத்து வெட்டுவார். ஓவர்டைம் சாதாரண மணிக்கணக்கில் சேரும், பதிவேட்டில் இரண்டு நாள் காணாமல் போகும், சேமநிதிக்கு என்று பிடித்த பணம் நிதியில் போய்ச் சேராது. வெற்று வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள். இன்னொன்றும் கவனியுங்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறும், ஆட்கள் அதே ஆட்கள், ஆனால் எல்லோரும் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்ததாகப் பதிவாகும். உங்கள் நான்கு வருட சர்வீஸ் இப்படித்தான் கரைகிறது. பழைய கேட் பாஸ், ஷிப்ட் அட்டவணை, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எதையும் அழிக்காமல் வையுங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் உங்கள் கையில் இருக்கப்போவது அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு வெளிநாட்டு வேலை வாங்கித் தர ஏஜென்ட் பணம் கேட்கிறார். "ஊரெல்லாம் இப்படித்தான்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஊரெல்லாம் அப்படித்தான் என்பது நிஜம். அது நியாயம் ஆகிவிடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் வருட 181-ஆவது உடன்படிக்கை, வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது (சில வகைத் தொழிலாளர்களுக்கும் சேவைகளுக்கும் நாடுகள் விலக்கு கொடுத்துக்கொள்ளலாம், உடன்படிக்கையை ஏற்காத நாடுகளைக் கட்டுப்படுத்தாது). ஆள் தேவைப்படுபவன்தானே தேடும் செலவையும் ஏற்க வேண்டும்?

இதில் நமக்குப் பழைய அனுபவமே இருக்கிறது. கங்காணி என்ற சொல்லைக் கேட்டாலே புரியும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன கங்காணி, முன்பணம், வழிச்செலவு என்று ஒவ்வொருவர் பெயரிலும் கடன் எழுதிவைப்பார். அந்தக் கடன் தொகையைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டில் இருக்கும் தொகையைக் கட்டும் தோட்டம் அந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். கடன் கைமாறும்போது அதோடு மனிதர்களும் கைமாறினார்கள். 1921-இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். வட்டிக்கு வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வெளிநாடு போகிறவர் நிலைமையும் ஏறத்தாழ இதுதான். வேலை மோசமாக இருந்தாலும், சொன்ன சம்பளம் கிடைக்காவிட்டாலும், கடன் அடையும் வரை அவரால் வாயைத் திறக்க முடியாது. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிற ஏஜென்ட் என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: நான் சிறிய தொழிற்சாலை நடத்துகிறேன். கான்ட்ராக்டரிடம் விட்டதிலிருந்து நிம்மதி, செலவும் குறைவு. எல்லோரும் எங்களையே குறை சொல்கிறீர்கள்.

பதில்: நியாயமான காரணங்கள் உங்களுக்கு இருக்கலாம். சீசனில் மட்டும் இருபது பேர் கூடுதலாக வேண்டும், பத்து நாள் பெயிண்டிங் வேலை, இதற்கெல்லாம் நிரந்தரமாக ஆள் வைக்க முடியாது, கான்ட்ராக்டர் தேவைதான். ஆனால் வருடம் முழுக்க ஓடும் மெஷினில் நிற்கிறவரையும் அவரிடம்தான் விட்டிருக்கிறீர்கள் என்றால், அந்தக் குறைந்த செலவை இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கமிஷன் இருக்கட்டும். ஆள் பாதியில் போய்விடுவதால் திரும்பத் திரும்பப் பழக்குகிற செலவு, பழகாத கையில் வீணாகும் சரக்கு, விபத்து, இதெல்லாம் எந்த பில்லிலும் வராது. உங்கள் ஆலைக்குள் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாமல் போவது அதைவிடப் பெரிய விஷயம்.

2020-இல் ஜெர்மனியின் இறைச்சி ஆலைகளில் கொரோனா பரவியபோது, உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள், நெருக்கியடித்த விடுதிகளில் தங்கியவர்கள் என்பது வெளியே வந்தது. அடுத்த ஜனவரியிலிருந்து, சிறிய கசாப்புக் கடைகள் தவிர, வெட்டுவதும் பதப்படுத்துவதும் துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்களை வைத்து நடக்கக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அத்தனை வருடம் கான்ட்ராக்டில் மிச்சம் பிடித்தவர்கள் ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கானவர்களை நேரடியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கேள்வி: பேசாமல் இந்தத் தரகர் முறையையே தடை செய்தால் என்ன?

பதில்: நமீபியா 2007-இல் செய்து பார்த்தது. 2009-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு 2012-இல், தரகர் இருக்கட்டும், ஆனால் ஆள் வேலை செய்யும் நிறுவனமே முதலாளி என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. தடை போட்டால் தரகர் மறைய மாட்டார், போர்டைக் கழற்றிவிட்டு இருட்டில் தொழில் செய்வார். பிரிட்டனில் 2004 பிப்ரவரியில் கடற்கரையில் சிப்பி பொறுக்கப்போன இருபதுக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் இரவில் அலை ஏறி மூழ்கி இறந்தார்கள். அழைத்துப்போனவர் இருட்டில் தொழில் செய்த தரகர்தான். அதே வருடம் விவசாயம், சிப்பி மாதிரித் தொழில்களுக்கு ஆள் தரும் தரகர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

கேள்வி: நான் கான்ட்ராக்டர். நானும் கூலியாகத் தொடங்கியவன்தான். கம்பெனி மூன்று மாதமாக பில் தரவில்லை, ஆட்களுக்குக் கைக்காசு போட்டுக் கொடுக்கிறேன். திட்டு மட்டும் எனக்கு.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கைக்காசு போடுகிற வரைக்கும் கம்பெனிக்கு அவசரமே வராது, அதுதான் சிக்கல். கூலி போய்ச் சேராவிட்டால் கம்பெனியே கொடுத்தாக வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. அந்த ஷரத்தைக் காட்டி ஒரு கடிதம் எழுதுங்கள், நகலை ஆட்களிடமும் கொடுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கூலித் தொகையையும் உங்கள் கமிஷனையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், கூலி மாதம் பிறந்ததும் வர வேண்டும், கமிஷன் வேண்டுமானால் பில்லோடு வரட்டும். ஒத்துக்கொள்ளாத கம்பெனிக்கு ஆள் அனுப்பினால் நாலாவது மாதமும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.