பருவத்தையும் வாழ்க்கையையும் சேர்த்துச் சொன்ன சிறந்த வரி எது?

கொடைக்கானலில் இருக்கும் என்னைக் கேட்டால் கணியன் பூங்குன்றனார்தான். 'யாதும் ஊரே' என்ற முதலடியோடு நாம் நின்றுவிடுகிறோம், ஆனால் அப்புறம் வருவதைப் படியுங்கள்: மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' உயிரும் போகும் என்கிறார் (புறநானூறு 192, புணை என்றால் தெப்பம்). ஐப்பசி மழையில் இங்கே ஓடைகள் பாறையில் முட்டி இரைவதைக் கேட்கும்போதெல்லாம் அந்த வரிதான் வரும். அதனால்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிக்கிறார், எவ்வளவு பெரிய மனசு!

இன்னொன்று, குறுந்தொகை 3. தன் காதல் நிலத்தைவிடப் பெரியது என்பவள், தன் காதலன் நாட்டைச் சொல்ல எடுப்பது குறிஞ்சிப்பூத் தேனை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூ அது. 2018-ல் பார்த்தேன், இனி 2030.