ஐஸ் டம்ளரில் நன்னாரி சர்பத்

பேத்தியின் பிறந்தநாளுக்கு ஐஸிலேயே டம்ளர் செய்து, அதில் சர்பத் ஊற்றிக் கொடுத்ததைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். சமையல் சந்தேகங்களை விட அதைப் பற்றித்தான் அதிகம் கடிதம் வந்திருக்கிறது. அதனால் இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

ஐஸ் டம்ளர் செய்ய மோல்டு வாங்கியே ஆக வேண்டுமா? வீட்டில் இருப்பதை வைத்துச் செய்ய முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. கடையில் விற்கும் சிலிகான் மோல்டுகள் பெரும்பாலும் சின்னது. இரண்டு வாய் சர்பத்துக்கு மேல் கொள்ளாது. நான் எடுப்பது இரண்டு பிளாஸ்டிக் டம்ளர்கள். வெளியே 300 மில்லி பிடிக்கிற மாதிரி ஒன்று, உள்ளே 100 மில்லி பிடிக்கிற மாதிரி ஒன்று. சின்னதைப் பெரியதற்குள் வைத்தால் சுற்றிலும் ஒரு சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டுமே வாய் அகன்று அடி குறுகியதாகப் பார்த்து எடுங்கள். நேர்க்குழாய் மாதிரி இருக்கும் டம்ளரை ஐஸிலிருந்து உருவவே முடியாது.

முதலில் அடிப்பாகம். பெரிய டம்ளரில் ஒரு அங்குல உயரத்துக்குக் குடிதண்ணீர் ஊற்றி, மூன்று நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கெட்டியாக்குங்கள். இதைச் செய்யாமல் ஒரே தடவையில் தண்ணீரை ஊற்றினால் உள் டம்ளர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அடியும் மெலிந்து ஓட்டை விழும். அடி உறைந்ததும் சின்ன டம்ளரை நடுவில் வைத்து, மிதக்காமல் இருக்க அதற்குள் கழுவின கூழாங்கற்களைப் போடுங்கள். எங்கள் வீட்டில் பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் கற்களே இதற்கு ஆகிறது. மேலே செல்லோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் நகராது. அப்புறம் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை இடைவெளியில் ஊற்றுங்கள். விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திவிட வேண்டும். ராத்திரி முழுக்க உறையட்டும்.

எடுக்கும்போது கற்களைக் கொட்டிவிட்டு, உள் டம்ளரில் குழாய்த் தண்ணீர் ஊற்றி முப்பது எண்ணுங்கள். மெல்லத் திருகினால் கையோடு வரும். வெளி டம்ளரையும் குழாயடியில் ஒரு சுற்றுக் காட்டினால் கழன்றுவிடும். சீக்கிரம் வரட்டும் என்று வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

கண்ணாடி டம்ளரில் உறைய வைத்தேன். காலையில் பார்த்தால் கண்ணாடியே விரிந்து கிடக்கிறது. ஏன்?
– வாசகி, கும்பகோணம்

தண்ணீர் ஐஸாக மாறும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்து இடம் கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. விளிம்புக்குக் கீழே நிறுத்தச் சொன்னதும் இதற்காகத்தான். அந்த ஐஸை அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள் அம்மா. கண்ணுக்குத் தெரியாத சில்லு அதில் இருக்கலாம். உருக்கிக்கூட உபயோகிக்க வேண்டாம்.

டம்ளர் அழகாகத்தான் வந்தது. ஆனால் சர்பத் ஊற்றியதும் 'டப்' என்று பிளந்து மேஜையெல்லாம் வழிந்துவிட்டது. தண்ணீரில் குறையா, ஃப்ரிட்ஜில் குறையா?
– வாசகி, கோவில்பட்டி

எனக்கு வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான். இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் முதல்முதலாக இதைச் செய்தது எங்கள் வீட்டு வளைகாப்பு ஒன்றில். எட்டு டம்ளர். விருந்தினர் முன்னால் ஃப்ரீசரைத் திறந்து, வெள்ளை வெளேரென்று புகை கிளம்ப எடுத்து வைத்து, உடனே பன்னீர் சோடாவை ஊற்றினேன். மூன்று பிளந்தது. அதில் ஒன்று என் நாத்தனார் கையில் இருந்தது. பட்டுப்புடவை மடியெல்லாம் சோடா. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

காரணத்தை நான் புரிந்துகொண்டது அதற்கு அப்புறம்தான். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி வரை போகும். நம் ஊரில் வெளியே வைத்திருக்கும் சோடாவோ 30 டிகிரிக்கு மேல். ஐஸ் உறைந்து முடிந்த பிறகு மற்றப் பொருள்களைப் போலத்தான் நடந்துகொள்ளும், சூடு பட்டால் விரியும். சோடா பட்ட உள்பக்கம் சட்டென்று விரியப் பார்க்கிறது. வெளிப்பக்கம் இன்னும் மைனஸிலேயே நிற்கிறது. அந்த இழுபறியில்தான் பிளக்கிறது.

தண்ணீரிலும் குறையில்லை, ஃப்ரிட்ஜிலும் குறையில்லை. டம்ளரை வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் மேலே மாவு தூவினது போல வெள்ளைப் பூச்சு இருக்கும், தொட்டால் விரல் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை விளிம்பிலிருந்து மறையத் தொடங்கும். பூச்சு முழுக்கப் போய், மழையில் நனைந்த கூழாங்கல் மாதிரி ஈரம் மினுங்கும்போது ஊற்றலாம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மினுமினுப்பைப் பாருங்கள். சித்திரையில் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும், மார்கழியில் கூடுதலாக ஆகும். ஊற்றுகிற பானமும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்ட பிறகு என் கையில் ஒரு டம்ளர் கூடப் பிளக்கவில்லை.

இரண்டு முறை கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான் ஊற்றினேன். ஆனாலும் நடுவில் வெள்ளையாகவே இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் உப்பும் ஐஸோடு சேர்ந்து உறையாது. உறைந்து வரும் ஐஸ் அவற்றைத் தள்ளிக்கொண்டே வரும். எல்லாப் பக்கமும் குளிர் பட்டு உறைவதால் அவை கடைசியில் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. அதுதான் அந்த வெள்ளை. கொதிக்க வைத்தால் சற்றுக் குறையும், அவ்வளவே. ஒரே திசையிலிருந்து குளிர் பட்டால் தெளிவாக வரும். மேலே திறந்த தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தால் மேலிருந்து கீழாக உறையும். முயன்று பாருங்கள். ஆனால் வெள்ளை ஓடிய டம்ளரும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. குழந்தைகள் அதில் மேகம் பார்க்கிறார்கள்.

உள்ளே பூ வைக்கலாமா? எந்தப் பூ?
– வாசகி, ஸ்ரீரங்கம்

உருகிய தண்ணீரும் வாய்க்குள்தான் போகும் என்பதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா இதழ், புதினா, துளசி, மாதுளை முத்து, வட்டமாக நறுக்கிய எலுமிச்சை இவையெல்லாம் நல்லது. பூக்கடை ரோஜா வேண்டாம், மாலைக்கு வளர்ப்பதில் மருந்து அடித்திருப்பார்கள். அரளி கூடவே கூடாது, அது விஷம். இதழ்கள் மேலே மிதந்து வந்துவிடும் என்பதால், பாதி தண்ணீர் உறைந்த பிறகு இதழ்களைச் செருகி மீதியை ஊற்றுங்கள்.

விழா மண்டபத்தில். வீட்டிலிருந்து உருகாமல் கொண்டுபோவது எப்படி?
– வாசகி, திருவல்லிக்கேணி

உங்கள் பேட்டையிலேயே இதற்கு விடை இருக்கிறது. கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் பார்த்திருப்பீர்கள். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் 1842-ல் ஐஸ் ஹவுஸாகக் கட்டப்பட்டது. பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய ஐஸ் பாளங்களைக் கப்பலில் அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கு நான்கு மாதப் பயணம் செய்து வந்தது. வழியில் ஒரு பகுதி உருகினாலும் பெரும்பகுதி ஐஸாகவே வந்து சேர்ந்தது. நெருக்கமாக அடுக்கி, மரத்தூள் போட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்ததுதான் சூட்சுமம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். தெர்மோகோல் பெட்டிக்குள் தடியாகச் செய்தித்தாள் விரித்து, டம்ளர்களைத் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, இடுக்கில்லாமல் நெருக்கி அடுக்குங்கள். வெற்றிடம் இருந்தால் ஐஸ்கட்டிப் பைகளால் நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஆட்டோவில் ஒரு மணி நேரத்துக்கு நான் பயப்படாமல் எடுத்துப் போயிருக்கிறேன்.

எனக்கு 12 வயது. ஐஸ் டம்ளரில் குடித்தபோது உதடு ஒட்டிக்கொண்டது. பயந்துவிட்டேன்.
– மாணவி, நாகர்கோவில்

பயப்பட வேண்டாம் கண்ணு. உன் உதட்டில் இருந்த ஈரம் அந்தக் குளிரில் உறைந்து பசை மாதிரி பிடித்திருக்கிறது. பிடித்து இழுக்காதே, தோல் உரியும். கொஞ்சம் தண்ணீர் விட்டால் தானே விடும். அடுத்த தடவை வெள்ளைப் பூச்சு போகும் வரை பொறுத்திருந்து குடி. கையில் பிடிக்க ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்.

எதை ஊற்றினால் நன்றாக இருக்கும்? 25 பேருக்கு எப்போது செய்யத் தொடங்க வேண்டும்?
– வாசகி, சிவகாசி

நன்னாரி சர்பத்துக்குத்தான் என் முதல் ஓட்டு. எலுமிச்சையைத் தூக்கலாகப் பிழிந்து, வழக்கத்தை விடக் கெட்டியாகக் கலக்குங்கள், டம்ளர் உருகி அளவாகிவிடும். எங்கள் மதுரை ஜிகர்தண்டாவையும் ஊற்றலாம். இளநீரில் நுங்கு வெட்டிப் போட்டால் இன்னும் அருமை. உப்பு ஐஸைச் சீக்கிரம் உருக்கும், ஆகையால் மோர் வேண்டாம். ஃபேனுக்கு அடியில் என் டம்ளர்கள் இருபது நிமிஷம் நின்றிருக்கின்றன.

ஒரு ராத்திரிக்கு ஆறுக்கு மேல் ஃப்ரீசரில் இடம் இருக்காது. உறைந்ததை உடனே கவரில் போட்டுக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் மீன் வாடை ஏறும், ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜாக இருந்தால் ஐஸ் வற்றி மெலிந்தும் போகும். 25 பேருக்கு 30 செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை விழா என்றால் முந்தின திங்கட்கிழமை ராத்திரியே முதல் ஆறை வைத்துவிடுங்கள்.