மூளை அழற்சி என்று சந்தேகம்தான், ரிசல்ட் வரவில்லை. அதற்குள் ஏன் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏற்றுகிறார்கள்?

காத்திருந்தால் இழப்பு அதிகம் என்பதால்தான். பெரியவர்களுக்குக் காய்ச்சலோடு குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு வந்தால் முதல் சந்தேகம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் மேல். மருந்தே கொடுக்காவிட்டால் சுமார் 70 சதவீதம் பேர் இறந்துவிடுவார்கள். அதனால் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். நோய் உறுதியானால் 14 முதல் 21 நாள். மாத்திரை இங்கே போதாது. மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கக்கூடும், எனவே டிரிப்ஸும், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் கூடவே நடக்கும்.

தண்டுவட நீரில் வைரஸைத் தேடும் பிசிஆர் பரிசோதனை நெகட்டிவ் என்றதும், "அப்புறம் ஏன் இன்னும் ஊசி?" என்று வீட்டார் கேட்பது சகஜம். முதல் சில நாட்களில் நோய் இருந்தும் அது நெகட்டிவ் காட்டலாம். எம்ஆர்ஐயில் நெற்றிப்பொட்டுப் பக்க மூளையில் பாதிப்பு தெரிந்தால், மருந்தைத் தொடர்ந்துகொண்டே 3 முதல் 7 நாளில் மறுபடி நீர் எடுத்துப் பார்ப்பதுதான் சரி.