வாங்குவோர் கேள்வி–பதில்: பழைய பிக்கப்புக்குப் புது டேங்க்

ஒழுகும் டீசல் டேங்கைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் இங்கே எழுதிய ஒரு சிறு பதிலுக்குப் பிறகு, நீலகிரி மாவட்டத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் அதே பொருளில் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த வாரம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

என்னுடையது 2009-ஆம் வருடத்து டீசல் பிக்கப். பின்பக்க டேங்க், அதைத் தாங்கும் இரும்புப் பட்டி பிடிக்கும் இடத்தில் துருப்பிடித்துக் கசிகிறது. கம்பெனி டேங்க், லோக்கல் டேங்க், கோயம்புத்தூரில் கிடைக்கும் பழைய டேங்க் என்று மூன்று வழி சொல்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகர், மஞ்சூர்

வாங்குவதற்கு முன் பழைய டேங்கைக் கழற்றிக் கீழே இறக்குங்கள். வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி டேங்க் கேட்பவருக்குப் பாதி நேரம் வேறு டேங்க்தான் வந்து சேர்கிறது. ஏனென்றால் ஒரே பெயரில் ஓடும் வண்டிகளிலேயே சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின் நீளம் மாறும்போதும் இன்ஜின் மாறும்போதும் டேங்கின் அளவும் வாயும் மாறியிருக்கும். நீளம், அகலம், உயரம், இரண்டு பட்டிகளுக்கும் இடையிலுள்ள தூரம், டீசல் ஊற்றும் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மேலே எத்தனை குழாய்கள் இருக்கின்றன, டீசல் அளவைக் காட்டும் மிதவை உட்காரும் துளையைச் சுற்றி எத்தனை திருகுகள் என்பவற்றைத் தாளில் எழுதி, போட்டோவும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கம்பெனி டேங்க் கேட்பதாக இருந்தால் ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்குரிய பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள்.

உங்கள் டேங்க் பட்டிக்கு அடியில் ஓட்டையானது தற்செயல் அல்ல. பட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் நைந்து போனவுடன், தோட்டத்துப் பாதையின் சேறு அந்த இடுக்கில் தங்கிவிடும். குந்தா பக்கத்து மழையில் அது காய்வதே இல்லை. உள்ளேயும் அப்படித்தான். பாதி காலியாக நிற்கும் டேங்கில் இரவுக் குளிருக்குக் காற்றின் ஈரம் வியர்த்து நீராகி அடியில் இறங்கும். டீசலைவிட நீர் கனமானது என்பதால் அது அடியிலேயே கிடந்து தகரத்தைத் தின்னும்.

கம்பெனி டேங்க் கிடைத்தால் அதை வாங்குங்கள் என்பதே என் கருத்து. கிடைக்காவிட்டால், புதுத் தகரத்தில் செய்த லோக்கல் டேங்க். அதை வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். உள்ளே தடுப்புத் தகடு வைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், கல்லட்டியின் 36 வளைவுகளிலும் கால் டேங்க் டீசலோடு போகிற வண்டிக்கு அந்தத் தகடு இல்லையென்றால், டீசல் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்துவிடும். ஏற்றத்தில் பாரத்தோடு வண்டி நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

பழைய டேங்க் கடைசி வழி. அதைச் சொல்லும்போது என் கதையையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் என் பிக்கப்புக்குச் சமவெளியில் ஒரு பழைய சாமான் கடையில், பளபளவென்று கறுப்பு பெயின்ட் அடித்திருந்த டேங்க் ஒன்றை வாங்கினேன். பில் இல்லை. பெயின்டுக்கு அடியில் மூன்று இடங்களில் மக்கு என்ற பட்டறைப் பசையைப் பூசி ஓட்டையை மறைத்திருந்தார்கள். இரண்டே மாதத்தில், பர்லியாறு இறக்கத்தில் அந்த மக்கு பெயர்ந்து சாலையெல்லாம் டீசல் சிந்தியது. பின்னால் வந்த இரண்டு இரு சக்கர வண்டிகள் வழுக்கி விழாமல் தப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது. தகர டேங்க் வாங்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தகரத்தில் காந்தம் ஒட்டும். தடிமனாக மக்கு பூசிய இடத்தில் ஒட்டாது, அல்லது நழுவும்.

டேங்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெல்டிங் வைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். வைக்கலாமா?
— வாசகர், எல்லநள்ளி

வைக்கக் கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது, ஏனென்றால் அதில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன; மடிப்புகளில் ஒட்டியிருக்கும் டீசல் தண்ணீருக்குப் போகாமல் இருந்து, வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெடிக்கும்.

என் கணவர் சொந்த பிக்கப்பில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டுகிறார். புது டேங்க் என்று சொல்லிப் பணம் வாங்கிய கடைக்காரர் பில் தரவில்லை. பன்னிரண்டாம் நாள் தகரம் சேரும் தையலில் ஒழுகியது. கேட்டால், ‘லோடு வண்டிக்கெல்லாம் நுகர்வோர் கோர்ட்டு கிடையாது, போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்’ என்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?
— வாசகி, கோத்தகிரி

அம்மா, உங்களிடம் அவர் சொன்னது உண்மை அல்ல. வியாபாரத்துக்காக வாங்கும் பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது பொது விதி. ஆனால் ஒருவர் சொந்தத் தொழில் செய்து தம் பிழைப்பை நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்த விலக்கில் சேர்க்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கியிருக்கிறது. உங்கள் கணவர் தாமே ஓட்டிப் பிழைக்கும் வண்டிக்கு வாங்கிய டேங்க் அப்படிப்பட்ட பொருள்தான்.

இரண்டாவது, பில் தராமல் இருப்பதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே பில் இல்லாதது உங்கள் குற்றம் என்பதுபோல் அவர் பேசினால் தலை குனியாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது: கைப்பேசி வழியாகப் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரருக்கு அனுப்பிய செய்திகள், ஒழுகும் தையலின் போட்டோ, டேங்கைக் கழற்றிய மெக்கானிக்கின் கையெழுத்தோடு ஒரு குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். டேங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் கடைக்காரரிடம் வெறுங்கையோடு ஒப்படைத்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. பணத்தைத் திருப்பக் கேட்டு சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இந்த இடத்தில், எல்லா வாசகர்களிடமும் நான் வருடக்கணக்காகச் சொல்லிவருவதை மறுபடியும் சொல்கிறேன். ஸ்பேர்ஸ் கடைகளில், ‘பில் வேண்டுமென்றால் வரி சேரும், வேண்டாமென்றால் இந்த விலை’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது, நாமும் சில நூறு ரூபாய்க்காகத் தலையாட்டிவிடுகிறோம். அந்தச் சில நூறு ரூபாய்க்கு நாம் விற்றுவிடுவது, பின்னால் ஒரு நாள் கடை வாசலில் நின்று ‘இது உங்களிடம் வாங்கியது’ என்று சொல்லும் உரிமையை. டேங்க், பிரேக் ஷூ, ஸ்டியரிங் ராட் போன்ற, உயிரோடு சம்பந்தப்பட்ட சாமான்களைப் பில் இல்லாமல் விற்கும் கடைக்காரருக்கு அந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல விருப்பமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பில்லில் ‘டேங்க் – 1’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. எந்த வண்டிக்கு, புதியதா பழையதா, எத்தனை மாதப் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். அதற்காக மலையிறங்கிப் போக வேண்டியிருந்தாலும் போங்கள்.

ஆன்லைனில் படத்தைப் பார்த்து டேங்க் வாங்கினேன். பெட்டியைப் பிரிக்காமல் ஒரு மாதம் வைத்திருந்து இப்போது பார்த்தால், அது பெட்ரோல் வண்டிக்குரியது. மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பிவரும் ரிட்டர்ன் குழாய் இல்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
— வாசகர், குன்னூர்

விற்பனைப் பக்கத்தில் டீசல் வண்டிக்கு என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துப் புகார் செய்யுங்கள், நியாயம் உங்கள் பக்கம். பெட்ரோலுக்கு என்று எழுதியிருந்ததை நீங்கள் படிக்கவில்லை என்றால், என்னால் உதவ முடியாது. பொருள் வந்த அன்றே பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு கத்தியும் ஐந்து நிமிடமும் போதும்.

புது டேங்க் மாட்டியதிலிருந்து முள் எப்போதும் அரை டேங்க் காட்டுகிறது. அதை நம்பிப் போய் நடுவட்டம் ஏற்றத்தில் டீசல் தீர்ந்து நின்றேன். டேங்கோடு வந்த மிதவையையே மாட்டினோம். டேங்க் கோளாறா?
— வாசகர், கூடலூர்

டேங்க் கோளாறு இல்லை. மிதவை ஏறி இறங்கும்போது அதிலுள்ள மின்தடை மாறுகிறது. அந்த அளவைத்தான் டேஷ்போர்டு முள் படிக்கிறது. வேறு வண்டியின் மிதவைக்கு வேறு அளவு இருக்கும், முள் பொய் சொல்லும். உங்கள் பழைய மிதவை நன்றாக வேலை செய்தது என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு அதை ஏன் எறிந்தீர்கள்? பட்டறையில் இன்னும் கிடந்தால் அதையே, கசிவைத் தடுக்கும் புது பேக்கிங் வைத்து மாட்டுங்கள். மாட்டும் முன் வயரைக் கொடுத்து, சாவியைத் திருப்பி, மிதவையின் கையைக் கையால் ஏற்றி இறக்கி, முள் கூடவே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எர்த் வயரைச் சோதியுங்கள்; புது பெயின்டின் மேலேயே அதை முடுக்கியிருப்பார்கள்.

அரை மணி நேரம் ஓடியபின் இன்ஜின் திணறி நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறது, உடனே ஸ்டார்ட் ஆகிறது.
— வாசகர், கேத்தி

டேங்குக்குள் காற்று விடும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது காற்று புகாத மூடியை வாங்கியிருக்கிறீர்கள். சரியான மூடியை மாற்றி, குழாயை ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

மைசூர் போய்வர ஒரே தடவை நிரப்பினால் போதும் என்பதற்காக, இரண்டு மடங்கு கொள்ளளவில் டேங்க் செய்து மாட்டலாமா?
— வாசகர், மசினகுடி

வேண்டாம். வண்டி தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு வருடந்தோறும் எடுக்க வேண்டிய எப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனையில் தடைபட்டு நிற்பீர்கள். கூடுதலாக 60 லிட்டர் என்றால் ஏறக்குறைய 50 கிலோ, அதுவும் பின்னச்சுக்குப் பின்னால் தொங்கும். பாரத்தோடு ஏறும்போது முன்சக்கரம் தரையை எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தாது.

டேங்க் வாங்கிவிட்டேன். மாட்டும்போது பக்கத்தில் நின்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— வாசகர், தேவாலா

நின்று பார்க்க நினைத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பட்டிக்கு அடியிலுள்ள ரப்பரை, பழையது நன்றாகத் தெரிந்தாலும், புதிதாகப் போடச் சொல்லுங்கள். பட்டியை டேங்க் ஆடாத அளவுக்கு முடுக்கினால் போதும். தகரம் உள்வாங்கும் வரை முடுக்கக் கூடாது. டீசலுக்கென்று செய்த ஹோஸ்தான் வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டி மாட்டிவிடுவார்கள், அது சில மாதத்தில் இறுகி வெடிக்கும். நானும் ஒரு முறை விலை குறைவு என்று அதற்குச் சம்மதித்து, பிறகு டீசல் நாற்றத்தோடு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறேன். போகும் குழாயும் திரும்பும் குழாயும் இடம் மாறாமலிருக்கக் கழற்றும்போதே துணி கட்டி அடையாளம் வையுங்கள். டீசல் பில்டரையும் கூடவே மாற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றிக் கசிவு பாருங்கள். பிறகு முழுவதும் நிரப்பி, ஒரு ஏற்றத்தில் மூக்கு மேலே இருக்கும்படி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கீழே அட்டை விரித்து ஓர் இரவு நிறுத்துங்கள். மேல் பேக்கிங்கின் கசிவு சமதரையில், பாதி டேங்கில் ஒருபோதும் தெரியாது. தேவாலா ஏற்றத்தில்தான் தெரியும். காலையில் அட்டை காய்ந்திருந்தால் மெக்கானிக்குக் கூலியின் மீதியைக் கொடுங்கள்.

கழற்றிய பழைய டேங்கைக் கழுவி, தோட்டத்தில் ஆட்கள் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கலாமா?
— வாசகி, பந்தலூர்

கூடாது அம்மா, மாட்டுக்குக்கூட வைக்காதீர்கள். பழைய காலத்துத் தகர டேங்குகள் பலவற்றுக்கு உள்ளே ஈயம் கலந்த பூச்சு உண்டு. பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, இது டீசல் இருந்த டேங்க் என்று வாயால் சொல்லிவிட்டுக் கொடுங்கள், அங்கே கேஸ் கட்டரைக் கையில் எடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.